எம்ஆர்ஐ ‘நார்மல்’ என்றால் நோய் இல்லை என்று பொருளா? ஓசிடியுடன் மனச்சோர்வும் சேரும்போது மூளைப் படங்கள் காட்டுவது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்குப் பல ஆண்டுகளாக ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணங்கள் ஓயாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் நோய், இருக்கிறது. கதவைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் ஓயாமல் வருகிறது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார். கடந்த ஓராண்டாக மனச்சோர்வும் சேர்ந்துகொண்டிருக்கிறது. தூக்கம் கெட்டுவிட்டது, எதிலும் நாட்டமில்லை, தான் எல்லோருக்கும் பாரம் என்று பேசுகிறார். தலைக்கு எடுத்த எம்ஆர்ஐ ‘நார்மல்’ என்று வந்ததும் வீட்டில் சிலர் “மூளையில் ஒன்றுமில்லையே, பிறகென்ன நோய்?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மூளையின் இயக்கத்தைக் காட்டும் பெட் ஸ்கேனோ செயல்பாட்டு எம்ஆர்ஐயோ எடுத்தால் இது ஒரே நோயா, இரண்டு நோய்களா, எதற்கு முதலில் மருந்து கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது ஸ்கேனைப் பற்றி. ஆனால் தம்பியின் துன்பம் உண்மையானது என்று வீட்டாருக்குக் காட்ட ஒரு சான்று கிடைக்குமா என்ற ஏக்கமும் அதற்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நான் மனநல மருத்துவர். ஓசிடி நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், மூளைப் பட ஆய்வுக் குழுவிலும் சில காலம் வேலை செய்திருக்கிறேன். உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை, அவருடைய படங்களையும் பார்த்ததில்லை. ஆகவே இங்கே எழுதுவதை வைத்து அவருடைய மருந்தில் எதையும் மாற்ற வேண்டாம்.

ஸ்கேனுக்குப் போகும் முன் அதைவிட அவசரமான ஒன்று. ‘நான் பாரம்’ என்ற பேச்சை மனச்சோர்வில் நாங்கள் ஒருபோதும் கடந்து போவதில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று தம்பியிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலானவர்களுக்கு யாரோ கேட்டுவிட்டார்களே என்ற ஆறுதல்தான் கிடைக்கும். ஓசிடி உள்ளவர்களுக்குத் தன்னையோ பிறரையோ காயப்படுத்திவிடுவோமோ என்ற அச்சம் ஊடுருவும் எண்ணமாகவும் வருவதுண்டு. அது அவர்கள் விரும்பாத, கண்டு நடுங்குகிற எண்ணம். மனச்சோர்வில் எழும் சாகும் விருப்பம் வேறு. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை. ஆம் என்று அவர் சொன்னால் அடுத்த முறைக்கான தேதிவரை காத்திருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

இனி எம்ஆர்ஐ. மருத்துவமனையில் வழக்கமாக எடுக்கப்படுவது மூளையின் அமைப்பைக் காட்டும் படம். கட்டி, ரத்தக்கசிவு, பக்கவாதத்தின் தழும்பு, வீக்கம், நரம்பு உறை சிதைவு, மூளைச் சுருக்கம் ஆகியவற்றைத் தேடுவதற்காக உருவான பரிசோதனை அது. கதிரியக்க மருத்துவர் ‘நார்மல்’ என்று எழுதும்போது, கண்ணால் பார்த்து அடையாளம் காணக்கூடிய இந்த வகைச் சேதம் எதுவும் இல்லை என்று மட்டுமே சொல்கிறார். ஒரு வீட்டைப் படமெடுத்தால் சுவரின் விரிசல் தெரியும். உள்ளே இருப்பவர்கள் இரவெல்லாம் உறங்காமல் இருக்கிறார்களா என்பது தெரியாது. ஓசிடியிலும் மனச்சோர்விலும் மாறுவது பெரும்பாலும் நரம்பு வலையங்களின் செயல்பாடு. ஆகவே, இந்த இரண்டு நோய்களும் உள்ளவருக்கு எம்ஆர்ஐ ‘நார்மல்’ என்று வருவதுதான் நாங்கள் எதிர்பார்க்கும் முடிவு. அது அவருடைய நோயை மறுக்கும் சான்று ஆகாது. வேறு ஆபத்தான காரணம் இல்லை என்ற நல்ல செய்தி அது, அவ்வளவே. வீட்டாரிடம் இதை அப்படியே சொல்லலாம்.

அப்படியானால் ஓசிடியில் மூளைக்குள் என்னதான் நடக்கிறது? இதில் ஓரளவு உறுதியோடு பேச முடியும். கண்குழிகளுக்கு நேர்மேலே முன்மூளையின் அடிப்பகுதி இருக்கிறது. ஆர்பிட்டோஃப்ரான்டல் புறணி என்பார்கள். அங்கிருந்து மூளையின் ஆழத்திலுள்ள காடேட் என்ற பகுதிக்கும், அங்கிருந்து பாலிடம் என்ற மற்றோர் ஆழ்பகுதி வழியாக, செய்திகளைக் கடத்தும் மையமான தாலமஸுக்கும், தாலமஸிலிருந்து மறுபடி முன்மூளைக்கும் நரம்புப் பாதைகள் வட்டமாக ஓடுகின்றன. ஒரு செயல் முடிந்தது, இனி அடுத்ததைப் பார்க்கலாம் என்று மனம் நகர்வதற்கு இத்தகைய வலையங்கள் உதவுகின்றன. ஓசிடியில் இந்த வலையம் தணியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 1987-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் மூளை குளுக்கோஸைச் செலவிடும் வேகத்தைப் பெட் ஸ்கேனில் அளந்தார்கள். ஓசிடி உள்ளவர்களிடம் இடப்பக்க ஆர்பிட்டோஃப்ரான்டல் பகுதியிலும் இருபுறக் காடேட்டிலும் அந்த வேகம் கூடியிருந்தது. அவர்கள் ஒப்பிட்டது ஆரோக்கியமானவர்களோடு மட்டுமல்ல, மனச்சோர்வு உள்ளவர்களோடும்தான் என்பது உங்கள் கேள்விக்கு முக்கியம். 1994-இல் ஸ்காட் ரௌச் குழுவினர், நோயாளிகள் அஞ்சும் பொருள்களை அவர்கள் எதிரே வைத்து அறிகுறியைத் தூண்டிவிட்டு ஸ்கேன் செய்தபோதும் இதே வட்டாரம்தான் செயலூக்கம் பெற்றது.

படத்தில் ஒரு பகுதி ஒளிர்வதால் மட்டும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அது விளைவாகவும் இருக்கலாம். அறிகுறியை அடக்க மூளை எடுக்கும் முயற்சியாகவும் இருக்கலாம். ஆனால் ஓசிடியில் வேறு திசைகளிலிருந்தும் சான்றுகள் இருக்கின்றன. 2013-இல் சூசன் அஹ்மாரி குழுவினர் எலிகளில் ஆர்பிட்டோஃப்ரான்டல் புறணியிலிருந்து, காடேட் அடங்கிய ஸ்ட்ரையாட்டம் என்ற ஆழ்பகுதிக்குச் செல்லும் நரம்புகளை நாள்தோறும் ஒளியால் தூண்டினார்கள். சில நாள்களில் அந்த எலிகள் தங்களை ஓயாமல் சுத்தம் செய்துகொள்ளத் தொடங்கின. முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் பரவிய உறக்க மூளையழற்சிக்குப் பிறகு, ஆழ்மூளை பாதிக்கப்பட்ட சிலரிடம் ஓசிடி போன்ற நடத்தைகள் காணப்பட்டன. மேலும், 1992-இல் பாக்ஸ்டர் குழு வெளியிட்ட ஆய்வில், ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையால் குணமடைந்தவர்களிடமும் நடத்தை சிகிச்சையால் குணமடைந்தவர்களிடமும் வலப்பக்கக் காடேட்டின் வேகம் தணிந்திருந்தது. மாத்திரையே இல்லாமல், அச்சத்தை எதிர்கொள்ளும் பயிற்சியால் மட்டுமே மூளையின் இயக்கம் மாறியதை அளக்க முடிந்தது. “இதெல்லாம் மனசுதானே, மூளையில்லையே” என்று வாதிடுபவர்களுக்கு நான் முதலில் காட்டும் ஆய்வு இதுதான்.

மனச்சோர்வின் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. இடப்பக்க முன்மூளையின் மேற்புறப் பக்கவாட்டுப் பகுதி மந்தமாக இருப்பது, மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய முன் சிங்குலேட்டின் கீழ்ப்பகுதி மாறுபட்டு இயங்குவது, அச்சம் போன்ற உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலா எதிர்மறையானவற்றுக்குக் கூடுதலாகத் துலங்குவது, நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் சற்றுச் சிறியதாக இருப்பது என்று பல முடிவுகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. எனினும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு அதிகம். மனச்சோர்வு என்ற ஒரே பெயருக்குள் பலவகை நிலைகள் அடங்கியிருப்பது அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். தூங்கவே முடியாதவரும் நாள் முழுவதும் தூங்குபவரும் ஒரே நோய்ப்பெயரைப் பெறுகிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்: இரண்டும் சேர்ந்தால்? இது அரிதான சேர்க்கை அல்ல. அமெரிக்காவில் நடந்த பெரிய மக்கள்தொகை ஆய்வொன்றை வைத்து 2010-இல் வெளியான கணக்கின்படி, வாழ்நாளில் ஓசிடி வந்தவர்களில் சுமார் 41 விழுக்காட்டினருக்குப் பெருமனச்சோர்வும் வந்திருந்தது. அப்படியிருந்தும் மூளைப் பட ஆய்வுகளில் நெடுங்காலம் இத்தகையவர்களைச் சேர்க்காமல் தவிர்த்தார்கள். ஓசிடியை ‘கலப்பில்லாமல்’ பார்க்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயம் புரிகிறது. ஆனால் மருத்துவரிடம் உண்மையில் வருகிற நோயாளிகளில் பெரும்பகுதியினர் ஆய்வுக்கு வெளியே நின்றுவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

தவிர்க்காமல் செய்த சில ஆய்வுகள் உண்டு. 1989-இல் பாக்ஸ்டர் குழு, ஒருமுனை மனச்சோர்வு (சோர்வு மட்டுமே வருவது), இருமுனை நோயின் (மிகை எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வருவது) மனச்சோர்வுக் கட்டம், ஓசிடியோடு வந்த மனச்சோர்வு என்ற மூன்றையும் ஒப்பிட்டது. மூன்றிலும் இடப்பக்க முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதி மந்தமாக இருந்தது. மனச்சோர்வு இல்லாத ஓசிடி நோயாளிகளிடம் அந்த மந்தம் இல்லை. மனச்சோர்வு எந்த வழியாக வந்தாலும் அங்கே ஒரு பொதுத் தடம் பதிக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

அதைவிட ஆழமான ஆய்வு சஞ்சய சக்சேனா குழுவினர் 2001-இல் வெளியிட்டது. ஓசிடி மட்டும் உள்ள 27 பேர், மனச்சோர்வு மட்டும் உள்ள 27 பேர், இரண்டும் உள்ள 17 பேர், ஆரோக்கியமானவர்கள் 17 பேர். இரண்டும் உள்ளவர்களிடம் ஓசிடியின் கொதிப்பும் மனச்சோர்வின் மந்தமும் அருகருகே தெரியும் என்று ஒருவர் எதிர்பார்க்கலாம். கிடைத்தது அதுவல்ல. இடப்பக்க ஹிப்போகாம்பஸின் வேகம், மனச்சோர்வு மட்டும் உள்ளவர்களைப் போலவே இவர்களிடமும் குறைந்திருந்தது. மனச்சோர்வு கூடக்கூட அந்த வேகம் இன்னும் குறைந்தது. ஓசிடியின் வலையமான தாலமஸும் காடேட்டும் இவர்களிடம், ஓசிடி மட்டும் உள்ளவர்களைவிடத் தணிந்து காணப்பட்டன. அறிகுறிகளில் ஓசிடி அப்படியே இருக்க, ஓசிடியின் அடையாளம் என்று நாங்கள் நம்பிய வெப்பப் பகுதி மட்டும் படத்தில் மங்கிவிட்டது. இரண்டு நோய்களும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுவதில்லை, ஒன்று மற்றதன் படத்தையே மாற்றிவிடுகிறது என்பதுதான் இந்தத் துறையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முக்கியமான செய்தி.

சிகிச்சையிலும் அந்த வேறுபாடு தொடர்ந்தது. அதே குழு 2002-இல் மூன்று வகை நோயாளிகளுக்கும் 8 முதல் 12 வாரங்கள் பராக்ஸெடின் கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தது. ஓசிடி மட்டும் உள்ளவர்களிடம் வலப்பக்கக் காடேட், ஆர்பிட்டோஃப்ரான்டல் பகுதி, தாலமஸ் ஆகியவற்றின் வேகம் குறைந்தது. மனச்சோர்வும் சேர்ந்திருந்தவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. ஒரே மாத்திரை, ஆனால் மூளையில் அது விட்டுச்செல்லும் தடம் வேறு. 2003-இல் அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். சிகிச்சைக்கு முன் வலப்பக்கக் காடேட் அதிகமாக இயங்கியவர்களுக்கு ஓசிடி அறிகுறிகள் அதிகம் குறைந்தன; அமிக்டலாவும் தாலமஸும் தணிந்தும் முன் சிங்குலேட் பகுதி கூடுதலாக இயங்கியும் இருந்தவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் குறைந்தது. ஒரே மருந்தால் குணமாகும் இரண்டு நோய்களுக்கு, குணத்தை முன்கூட்டிக் காட்டும் குறிகள் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. இது ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்ற எளிய விளக்கத்துக்கு எதிராக நிற்கும் சான்று. ஆகவே ‘ஒன்றா இரண்டா’ என்ற உங்கள் கேள்விக்கு, குழுவாகப் பார்க்கும்போது, தனித்தனிப் பாதைகள் கொண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இரண்டு நிலைகள் என்று பதில் சொல்வேன்.

இந்த ஆய்வுகளின் அளவை மறந்துவிடக் கூடாது. இரண்டும் உள்ளவர்கள் 17 பேர் மட்டுமே. பெட் ஸ்கேனில் பயன்படும் குளுக்கோஸ் போன்ற மருந்து மூளைக்குள் சேர அரைமணி நேரம் ஆகும். நாம் பார்ப்பது அந்த அரைமணியின் சராசரி. ‘ஓய்வாக இருங்கள்’ என்று சொல்லிப் படுக்கவைக்கப்பட்ட ஓசிடி நோயாளி, இந்தப் படுக்கையைத் துடைத்தார்களா, கிளம்பும்போது கதவைப் பூட்டினேனா என்று அந்த அரைமணியும் தவித்துக்கொண்டிருக்கலாம். மனச்சோர்வு கடுமையாக உள்ளவர் எதையும் நினைக்கத் தெம்பில்லாமல் கிடக்கலாம். தாலமஸ் தணிந்து தெரிந்ததற்கு நோயின் இயல்பு எவ்வளவு காரணம், அந்த நேரத்து மனநிலை எவ்வளவு காரணம் என்பதைப் பிரித்துச் சொல்ல அந்த முறையில் வழியில்லை.

எண்ணிக்கைக் குறையைத் தீர்க்கத்தான் ‘எனிக்மா’ என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானது. பல நாடுகளில் எடுத்த எம்ஆர்ஐ படங்களை ஒரே முறையில் அளந்து சேர்த்தார்கள். 2017-இல் வெளியான ஓசிடி ஆய்வில் 1,495 வயதுவந்த நோயாளிகளும் 1,472 ஆரோக்கியமானவர்களும் இருந்தார்கள். நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் சராசரியில் 2.8 விழுக்காடு சிறியதாகவும், பாலிடம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பெரியதாகவும் இருந்தன. ஹிப்போகாம்பஸ் சிறுத்திருந்தது பெரும்பாலும் மனச்சோர்வும் உடன் இருந்தவர்களிடம்தான். 2016-இல் வெளியான மனச்சோர்வு ஆய்விலும் 1,728 நோயாளிகளிடம் அதே ஹிப்போகாம்பஸ்தான் சற்றுச் சிறுத்திருந்தது, அதுவும் மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வந்தவர்களிடம். பெட் ஸ்கேனில் 17 பேரிடம் தெரிந்த ஹிப்போகாம்பஸ் சுவடு, வேறொரு கருவியில் ஆயிரக்கணக்கானவர்களிடமும் தெரிந்தது. ஓசிடி நோயாளியின் ஹிப்போகாம்பஸில் நாம் காணும் மாற்றத்தில் கணிசமான பங்கு மனச்சோர்வினுடையது என்று இதிலிருந்து சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் இந்த எண்கள் உங்கள் தம்பிக்கு என்ன சொல்கின்றன? 2.8 விழுக்காடு என்பது சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு. மனிதருக்கு மனிதர் இயல்பாக இருக்கும் வேறுபாடு அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த ஆய்விலிருந்து ஒரு நோயாளியையும் ஓர் ஆரோக்கியமானவரையும் குருட்டாம்போக்கில் எடுத்து, ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருப்பவர்தான் நோயாளி என்று சொன்னால், 100-இல் சுமார் 54 முறை சரியாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 முறை சரியாகும். மனச்சோர்விலும் நிலை இதேதான்: 2022-இல் நில்ஸ் விண்டர் குழுவினர் 1,809 பேரிடம் அமைப்பு, செயல்பாடு, நரம்பிணைப்பு என்று பலவகைப் படங்களையும் தனித்தனி அளவுகளாக வைத்துப் பார்த்தபோது, நோயாளியையும் ஆரோக்கியமானவரையும் பிரிக்கும் துல்லியம் 54 முதல் 56 விழுக்காட்டில் நின்றது. இதனால்தான் ஆயிரம் பேரை வைத்து உண்மையென நிறுவிய ஒன்று, ஒருவரின் அறிக்கையில் எழுதப் பயன்படாமல் போகிறது.

மருந்து இன்னொரு சிக்கல். எனிக்மாவின் ஓசிடி படங்களைக் கணினிக்குக் கற்பித்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், ஓசிடி உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்கக் கணினி தடுமாறியது. மருந்து உண்ணும் நோயாளியையும் உண்ணாத நோயாளியையும் அதைவிட நன்றாகப் பிரித்தது. மருந்து மூளையை மாற்றுகிறதா, கடுமையான நோய் உள்ளவர்கள்தான் மருந்து உண்கிறார்களா என்பதை அந்தப் படங்களை வைத்துத் தீர்மானிக்க முடியாது. உங்கள் தம்பி பல ஆண்டுகளாக மருந்து உண்பவர் என்றால், படத்தில் எது தெரிந்தாலும் அது நோயா மருந்தா என்ற கேள்வி கூடவே வரும்.

செயல்பாட்டு எம்ஆர்ஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நரம்பணுக்களை நேரே பார்ப்பதில்லை. ஒரு பகுதி வேலை செய்யும்போது சில விநாடிகள் கழித்து அங்கே ஏற்படும் ரத்த ஆக்சிஜன் மாற்றத்தைப் பார்க்கிறது. ஒரே ஆளை ஒரே பணியைச் செய்யவைத்து இரண்டு முறை எடுத்தால் முடிவு ஒத்துவருகிறதா என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் கணக்கிட்டார்கள். முழு ஒற்றுமையை 1 என்று வைத்தால் கிடைத்தது 0.4-க்கும் சற்றுக் குறைவு. இன்று எடுத்த படம் அடுத்த மாதம் வேறு கதை சொல்லக்கூடும். முடிவுகளே தலைகீழானதும் உண்டு. மனச்சோர்வில் மனம் தன்னைப் பற்றியே சுழல்வதால், ஓய்வுநிலையில் இயங்கும் மூளை வலையமைப்பின் இணைப்பு கூடியிருக்கிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2019-இல் சீனாவின் 25 ஆய்வுக்குழுக்கள் 1,300 நோயாளிகளின் படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வந்தவர்களிடம் அந்த இணைப்பு குறைந்திருந்தது. ஓசிடியின் ஊடுருவும் எண்ணமும் மனச்சோர்வின் அசைபோடலும் மூளையில் எங்கே பிரிகின்றன என்பதற்கு இந்த வலையமைப்புதான் விடை தரும் என்று ஒரு காலத்தில் நானும் எதிர்பார்த்தேன். இன்று அந்தப் பகுதியை சந்தேகத்துக்குரியவற்றின் பட்டியலில்தான் வைக்கிறேன்.

ஆகவே, ஸ்கேன் எடுத்து ‘இது ஓசிடி, இது மனச்சோர்வு, இதற்கு இந்த மருந்து’ என்று வண்ணப் படத்தோடு அறிக்கை தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஆய்வுக் குழு 2018-இல் அதுவரையிலான ஆய்வுகளை அலசிவிட்டு, மனநோயைக் கண்டறியவோ சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவோ மூளைப் படங்கள் அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்ற முடிவுக்கே வந்தது. வண்ணங்கள் கணினி பூசுபவை. எந்த அளவில் சிவப்பு தொடங்க வேண்டும் என்பதை மனிதர்தான் தீர்மானிக்கிறார். பெட் ஸ்கேனில் கதிர்வீச்சும் உண்டு. இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறு. ஓசிடி உள்ளவருக்கு உறுதிப்பாடு தேடுவதே நோய். ஒரு ஸ்கேன் ஐயத்தைத் தீர்க்காதபோது இன்னொரு ஸ்கேன் கேட்கும் மனம், கதவை மறுபடி தொட்டுப் பார்க்கும் மனம்தான். அந்தச் சுழலில் குடும்பமும் சேர்ந்து இழுபடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூளைப் படம் கட்டாயம் எடுக்க வேண்டிய சூழல்களும் உண்டு. 50 வயதுக்கு மேல் முதன்முறையாக ஓசிடி தோன்றுவது, சில நாள்களுக்குள் திடீரென்று தொடங்குவது, வலிப்பு, ஒருபக்கப் பலவீனம், தானாக ஏற்படும் உடலசைவுகள், புதிதாக வந்த கடும் தலைவலி, தலையில் அடிபட்ட பிறகு குணம் மாறுவது, நினைவாற்றல் வேகமாகக் குறைவது ஆகியவை இருந்தால் நாங்களே கேட்போம். அங்கே நாங்கள் தேடுவது வேறொரு நோயை. நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை; எம்ஆர்ஐயும் ஏற்கெனவே எடுத்துப் பார்த்தாகிவிட்டது.

எது முதலில் வந்தது என்பதற்கு ஸ்கேனைவிட நல்ல கருவி தம்பியின் கதைதான். சரிபார்க்கும் பழக்கம் தொடங்கியது எப்போது, மனம் சோர்ந்தது எப்போது, மனம் தெளிந்திருந்த மாதங்களிலும் ஓசிடி தொடர்ந்ததா? நீங்கள் சொல்வதுபோல் ஓசிடி பல ஆண்டுகள் முந்தியது என்றால், அது தின்றுவிட்ட நேரமும் வேலையும் உறவும் சேர்ந்து மனச்சோர்வைக் கொண்டுவந்திருக்க வாய்ப்பு அதிகம். மருந்தைப் பொறுத்தவரை நல்ல செய்தி இருக்கிறது: ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் இரண்டுக்குமே முதல் தேர்வு, எனவே எதற்கு முதலில் என்று பெரும்பாலும் தவிக்க வேண்டியதில்லை. ஓசிடிக்கு வழக்கமாகக் கூடுதல் அளவும் 8 முதல் 12 வாரப் பொறுமையும் தேவை. மனச்சோர்வு அதற்கு முன்பே தெளியத் தொடங்கலாம். கூடவே, அஞ்சும் சூழலை எதிர்கொண்டு சரிபார்க்காமல் நிற்கப் பழக்கும் நடத்தை சிகிச்சை ஓசிடிக்கு மிக வலுவான சான்று கொண்டது. மனச்சோர்வு மிதமாக இருந்தால் அதைத் தொடங்கத் தடையில்லை. படுக்கையை விட்டு எழவே முடியாத அளவு கடுமையாக இருந்தால், அந்தப் பயிற்சிக்கு வேண்டிய தெம்பே இருக்காது. அப்போது மனச்சோர்வைத்தான் முதலில் கவனிப்பேன்.

மருந்தும் பயிற்சியும் போதாதவர்களுக்கு மூளைப் பட ஆய்வுகள் வேறு வகையில் கைகொடுத்திருக்கின்றன. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் மனச்சோர்வுக்கு 2008-இலும் ஓசிடிக்கு 2018-இலும் அனுமதி அளித்தது. மனச்சோர்வுக்கு வழக்கமாகக் குறிவைப்பது 1989-இல் மந்தமாகத் தெரிந்த அந்த இடப்பக்க முன்மூளை வட்டாரத்தை. ஓசிடிக்கு முன்மூளையின் நடுப்பகுதியையும் முன் சிங்குலேட்டையும். 2019-இல் லண்டனில் ஹிமான்ஷு தியாகி குழுவினர், வேறெதற்கும் குணமாகாத கடும் ஓசிடி நோயாளிகள் ஆறு பேருக்கு மூளையின் இரண்டு இடங்களில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். எங்கே தூண்டினாலும் ஓசிடி குறைந்தது. ஆனால் ஓரிடத்தில் தூண்டியபோது மனநிலையும், மற்றோரிடத்தில் தூண்டியபோது சிந்தனையின் நெகிழ்வும் கூடுதலாக மேம்பட்டன. ஆறு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். இருந்தும், இரண்டும் ஒருவரிடமே இருந்தாலும் மூளையில் தனித்தனியாகத் தொட முடியும் என்பதற்கு நான் அறிந்த நேரடியான சான்று அது. உங்கள் தம்பி அந்த நிலையில் இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை; மருந்தும் பயிற்சியும் முறையாகக் கொடுத்துப் பார்த்தபின் பேச வேண்டியவை இவை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: சரிபார்ப்பதில் ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, ஓசிடியும் மனச்சோர்வும் தொடங்கிய காலங்கள், இதுவரை எந்த மருந்தை எந்த அளவில் எத்தனை வாரங்கள் உண்டார், நடத்தை சிகிச்சை உண்மையில் நடந்ததா அல்லது பேச்சோடு நின்றதா. ஓசிடியின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் 40-க்கு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே அளவுகோலில் மறுபடி பார்த்தால் சிகிச்சை பலிக்கிறதா என்பது தெரியும். உங்களை நச்சரிக்கும் உறவினர் ஒருவரையும் முடிந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள். எம்ஆர்ஐ ஏன் ‘நார்மல்’ என்று வந்தது என்பதை மருத்துவரே அவரிடம் விளக்கட்டும்.